அப்பாவை வேலையை விடச் சொல்லலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது முடிந்துவிட்டது. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் 29 வருஷம் ஃபிட்டராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்து என் கல்யாணக் கடனை அடைத்தார். இப்போது மாதம் 2,900 ரூபாய் பென்ஷன் வருகிறது. மூன்று வருஷமாக ஒரு ஏஜென்சி மூலம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு செக்யூரிட்டியாகப் போகிறார். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை வேலை, சம்பளம் 12,500. வார விடுமுறை கிடையாது. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். போன மாதம் டூட்டியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "எனக்கு அசிங்கமாக இருக்கிறது, உடனே நிற்கச் சொல்" என்கிறான். ஆனால் மாதாமாதம் பணம் அனுப்பும் நிலையில் அவனும் இல்லை. அப்பாவோ, "வீட்டில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் போய்விடுவேன்" என்கிறார். அம்மாவுக்கு 54 வயது, வீட்டில்தான் இருக்கிறார், பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பார். அப்பாவை வேலையை விடச் சொல்வது சரியா? அவருக்குச் சட்டப்படி ஏதாவது பாதுகாப்பு இருக்கிறதா?
— ஒரு மகள், ஈரோடு

பதில்: சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவர் இல்லை, தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற வக்கீல். இருந்தாலும் முதலில் அந்தத் தலைசுற்றலைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்த வாரமே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டிப் போவதற்கு முன் அவருடைய சம்பளச் சீட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதற்கு வயது வரம்பு கிடையாது. 12,500 ரூபாய்க்கு அப்பாவின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 94 ரூபாய். ஏஜென்சி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். இந்த 94 ரூபாயை நம் ஆட்கள் வீண் பிடித்தம் என்றுதான் நினைக்கிறார்கள். மாத்திரை மருந்து முதல் அறுவை சிகிச்சை வரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைத்தியம் அதில் அடக்கம். போதுமான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் லீவில் இருக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டால் இன்னும் கூடுதல், அதற்குச் சந்தா நாள் கணக்கும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் இதில் சேரும். இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு விடிகாலையில் பஸ் ஏறுகிற மனிதருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சம்பளச் சீட்டே தருவதில்லை, கையில்தான் பணம் கொடுக்கிறார்கள் என்றால் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். இ.எஸ்.ஐ. எண் கொடுங்கள் என்று ஏஜென்சியிடம் எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியும் ஒரு சாட்சிதான். பதில் வரவில்லையென்றால் பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், அவர்கள் விசாரிப்பார்கள்.

அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றபோது யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியே வந்தவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால், அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய்தான். மில் வேலையில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், அந்தச் சான்றோடு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். நாளைக்கே ஏஜென்சி வேலை நின்றாலும் வைத்தியம் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்வி. விடச் சொல்லலாமா? இந்த மாதமே அப்படியே விடச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. இரவு 12 மணி நேர டூட்டியைத் தொடர விடுவதிலும் சம்மதம் இல்லை. அவர் உழைப்பதில் தப்பு ஒன்றுமில்லை. எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம், எந்தக் காகிதத்தின் பேரில் உழைக்கிறார் என்பதில்தான் தப்பு இருக்கிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

சில மாதம் முன்பு ஒரு பெரியவர் காலை எட்டரை மணிக்கே என் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். இரவு டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தவர். நீலச் சட்டையில் ஏஜென்சியின் பட்டை தைத்திருந்தது, அதை மறைக்க மேலே ஒரு துண்டு. ரெக்சின் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: டார்ச், சில்வர் தூக்கு, மாத்திரை டப்பா, கடைசியில் பாலிதீன் கவருக்குள் நாலாக மடித்த பழைய பி.எஃப். சீட்டுகள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்துபோயிருந்தது. "தூங்காமல் இருப்பது பழகிவிட்டதுங்க. இரண்டு மணிக்கு மேல் கால் வீங்குவதுதான் தாங்க முடியவில்லை" என்றார். சேரைத் திருப்பிப் போட்டுச் சுவரில் காலை உயர்த்தி வைத்துக்கொள்வாராம். கேமராவில் அதைப் பார்த்த யாரோ தூங்குகிறார் என்று சொல்லிவிட்டார்கள், ஒரு நாள் சம்பளம் போயிற்று. அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான். பேசி வாங்கிக் கொடுத்தோம். ஆனால் வேலையை விடலாமா என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

உங்கள் அப்பாவைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களிடம் 2017-18ல் நாடு முழுக்க முதுமை பற்றி எடுத்த லாசி ஆய்வில், 60 தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் 2011ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் ஓர் ஆய்வு நடந்தது. உழைக்கும் முதியவர்களில் பத்துக்கு ஏழு பேர் பணத் தேவைக்காகத்தான் உழைக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பணக்கார நாடுகளில் அறுபதுக்கு மேலும் வேலையில் இருப்பவர்களில் படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள் அதிகம். நம் நாட்டில் அது தலைகீழ். படிப்பு குறைந்தவர், சேமிப்பு இல்லாதவர், கிராமத்தில் இருப்பவர், இவர்கள்தான் கடைசி வரை காட்டிலும் கடையிலும் கேட்டிலும் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021க்கான கணிப்புப்படி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். கேரளாவில் இன்னும் அதிகம். வயதாவதில் நம் மாநிலம் வேகமாகப் போகிறது, பென்ஷன் அந்த வேகத்தில் வரவில்லை.

அப்பாவின் பென்ஷனையே பாருங்கள். பி.எஃப். பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. கணக்கு எளிது: பி.எஃப். பிடித்த சம்பளத்தின் கடைசி ஐந்து வருஷச் சராசரியை, சேவை வருஷத்தால் பெருக்கி, 70 ஆல் வகுக்க வேண்டும். 20 வருஷம் முடித்தவருக்கு இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். திட்டம் வந்த பிறகு அப்பாவின் சேவை சுமார் 25 வருஷம், அதோடு 2 சேர்த்து 27 வருஷம், சம்பளம் 7,500 என்று வைத்தால் 2,892 ரூபாய் வருகிறது. 29 வருஷ உழைப்புக்கு இவ்வளவுதான். அரசு ஊழியர் பென்ஷன்போல விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி சேர்ந்து இது ஏறுவதும் கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்ததோடு சரி, அதைக் கூட்டுங்கள் என்று இன்றுவரை பென்ஷன்தாரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஒரு சிலிண்டர், ஒரு மூட்டை அரிசி, மாத்திரை என்றால் 2,900 முடிந்தது. இந்த நிலைமையில் அறுபது வயதுக்காரர் வேலை தேடிப் போகிறார் என்றால் அதில் அவருடைய அசிங்கம் எங்கே இருக்கிறது? உங்கள் அண்ணனிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள்.

அண்ணன் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் அசிங்கம் என்று சொல்வது பெரும்பாலும் குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கும். அந்த உணர்ச்சியைப் பணமாக மாற்ற முடியுமா என்று பேசிப் பாருங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து மாதம் நாலாயிரம் ஐயாயிரம் ஒதுக்க முடிந்தால், அப்பா 12 மணி நேர இரவு வேலையிலிருந்து 8 மணி நேரப் பகல் வேலைக்கு இறங்கி வரலாம். ஒன்று மட்டும் கவனம். இந்தத் தலைமுறை அப்பாக்கள் பிள்ளைகளிடம் கைநீட்டி வாங்க மாட்டார்கள். கையில் கொடுக்காதீர்கள். வீட்டு வாடகையையோ மளிகைக் கடைக் கணக்கையோ நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது அம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

வேலையை மாற்றுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது, இது அப்பாவுக்கே தெரியாமல் இருக்கலாம். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு என்று 2005ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 65 வயது ஆனவரை ஏஜென்சி காவலராக வைத்துக்கொள்ள முடியாது. அப்பாவுக்கு 63 முடிந்துவிட்டது என்கிறீர்கள், அப்படியானால் இரண்டு வருஷத்துக்குள்தான் கணக்கு. நடைமுறையில் 70 வயதுக்காரரைக்கூட வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், நானும் பார்க்கிறேன். ஆனால் அப்படி வைக்கும்போது பெயர் ரிஜிஸ்டரில் ஏறாது, இ.எஸ்.ஐ. கட்ட மாட்டார்கள், கையில் ரொக்கம். ஏதாவது ஆனால், "இந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்திருந்தால் இன்னும் சிக்கல், ஆதாரில் உள்ள தேதியும் அவர்கள் எழுதிய தேதியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஏஜென்சியை விட்டுவிட்டு அடுக்குமாடிச் சங்கத்தில் நேரடியாகச் சேர்ந்துவிட்டால் இந்த 65 வயதுத் தடை இல்லை. ஆனால் நாலைந்து பேரை மட்டும் வைத்திருக்கும் சங்கத்தில் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் இருக்காது. எது போகிறது, எது வருகிறது என்று தெரிந்து முடிவு செய்யுங்கள்.

சம்பளம் சரியா என்று கேட்டால், நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்தபட்சக் கூலி என்று அரசு அறிவிப்பது 8 மணி நேரத்துக்கு. அதற்கு மேல் வேலை வாங்கினால் மணிக்கு இரட்டிப்பு. அப்படிப் பார்த்தால் 12 மணி நேர டூட்டிக்கு 16 மணி நேரக் கூலி தர வேண்டும். 12,500ஐ 30 நாளால் வகுத்து, அதை 16ஆல் வகுத்தால் மணிக்கு 26 ரூபாய். 8 மணி நேர வேலைக்கு 208 ரூபாய். வார விடுமுறை கொடுக்காததை இதில் நான் சேர்க்கவே இல்லை. தமிழ்நாட்டில் இந்தக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ம் தேதியும் மாறும். அந்த வருஷத்து அறிவிப்பைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் எடுத்து, இந்த 208ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயதானவர் என்பதால் கூலி குறைவு என்று அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இருக்காது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், வேலைக்கு எடுக்கும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். அதையும் கேளுங்கள். கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

ஏஜென்சி பி.எஃப். பிடிக்கவில்லை என்று சிலர் என்னிடம் கோபமாக வருவார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் அது ஏமாற்று வேலை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்று, கணக்கில் இருந்த பணம் முழுவதையும் எடுத்துவிட்டவரை மறுபடி பி.எஃப்.பில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பணம் அவர் பெயரில் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும், எந்த மாதத்திலும் கொடுக்கலாம். மில்லில் இரும்பைப் பிடித்துத் தேய்ந்த விரல்களுக்குக் கைரேகை மெஷினில் பல தடவை பதியாது. அதற்காக அலைய வேண்டாம், இப்போது போனில் முகத்தைக் காட்டியே பதியலாம், நீங்களே உட்கார்ந்து செய்து கொடுத்துவிடலாம்.

"வீட்டில் உட்கார்ந்தால் போய்விடுவேன்" என்று அப்பா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணத்துக்காக மட்டும் அவர் சொல்லவில்லை. 29 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிற ஆளாக இருப்பார். அந்தக் கையை கேட் திறந்து மூடவும், வண்டி நம்பர் எழுதவும் மட்டும் வைத்திருக்கிறோம். பல்லடம், உடுமலை, சோமனூர் பக்கம் சின்ன நூற்பாலைகளும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) முறையில் நூல் நூற்கும் மில்களும் நிறைய. மெஷின் தெரிந்த ஆள் கிடைக்காமல் அவர்கள் தவிக்கிறார்கள். பகலில் சில மணி நேரம், புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒரு வேலை கிடைக்குமா என்று அப்பாவின் பழைய சகாக்கள் மூலம் விசாரியுங்கள். கிடைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரைக்கும் ஏஜென்சியிடமே பகல் ஷிஃப்ட் கேளுங்கள். ஷிஃப்ட் மாற்றும் நாளில் மாற்று ஆள் வரவில்லை என்று 24 மணி நேரம் நிற்க வைப்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதிலும் "வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பனியன் குவியலை மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் பீஸ் பீஸாகப் பிசிறு வெட்டுவது வேலைதானே? சோறு வைத்துவிட்டு, குக்கர் விசில் வருவதற்குள் பத்து பீஸ் முடிப்பார்கள். கட்டை விரலில் கத்தரி வளையம் அழுத்திக் காய்த்துப்போயிருக்கும், அடுத்த முறை போகும்போது பாருங்கள். அரசுக் கணக்கெடுப்பு ஆள் வந்து கேட்டாலும் "வேலைக்குப் போகலைங்க, வீட்டிலதான்" என்றுதான் அம்மா சொல்லியிருப்பார். வயதான பெண்களின் உழைப்பில் பாதி இப்படித்தான் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது.

அப்பாவுக்கு நான் சொன்னவையெல்லாம் இருப்பதைச் சரிசெய்வது. அம்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடல் பென்ஷன், அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசு பென்ஷன் இரண்டிலும் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பதிவு செய்தவருக்கு 60 முடிந்ததும் மாத ஓய்வூதியம் உண்டு, நடுவில் விபத்து என்றாலும் உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடக் கூடாது, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 59 வயதில் ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கசந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அடுத்த தடவை பல்லடம் போகும்போது அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், ஒரு போட்டோ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுத விடாதீர்கள், செய்கிற வேலையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.